வார்டு நேரம், தெரு நேரம்

பூவரசனேந்தல் மகப்பேறு மனையின் பிரசவ வார்டு, ஊரைவிட நாற்பது நிமிடம் முன்னால் இருந்தது. இது அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும், பழுது பார்க்க வந்த குமரகுருபரனைத் தவிர. யாரும் அவரிடம் மறைக்கவில்லை. கிழக்கே கண்மாய் இருக்கிறது என்பதையும் மேற்கே மிளகாய்க் களம் இருக்கிறது என்பதையும் வருகிறவர்களிடம் யாரும் சொல்வதில்லை. இதையும் அப்படித்தான் சொல்லாமல் விட்டார்கள்.

வார்டுக்குள் ஒரு கணினி இருந்தது. குழந்தை பிறந்ததும் அதில் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். பிறந்த நேரத்தைக் கணினியே தன் கடிகாரத்திலிருந்து எடுத்துக்கொள்ளும், கையால் எழுத முடியாது. அதில் சேர்ந்த விவரமெல்லாம் நாள்தோறும் மதியம், முற்றத்தைத் தாண்டி முப்பதடி தள்ளியிருந்த முன்கட்டு அலுவலகத்தின் சர்வருக்கு ஒரு நகலாகப் போக வேண்டும். சர்வரிலிருந்து அரசுக்குப் போனால்தான் பிறப்புச் சான்றிதழ் வரும். எண்பத்து மூன்று நாட்களாக அந்த நகல் போகவில்லை. கணினி வந்ததும் பேரேடு எழுதுவதை நிறுத்திவிட்டிருந்தார்கள் என்பதால், எண்பத்து மூன்று நாட்களில் பிறந்த இருநூற்றுப் பதினான்கு குழந்தைகளும் அந்த ஒரு பெட்டிக்குள் மட்டுமே பிறந்திருந்தார்கள்.

குருபரன் முதல்முறை வந்தபோது வயரை மாற்றினார். இரண்டாம் முறை வந்தபோது வயர் போய்ச் சேரும் பெட்டியை மாற்றினார், சர்வரில் இடம் இருக்கிறதா என்று பார்த்தார், அனுமதிகளைப் பார்த்தார், கடவுச்சொற்களைப் புதுப்பித்தார், வைரஸ் காவலைச் சற்று நேரம் நிறுத்திப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் நகல் தொடங்கி, ஒரு நொடி தயங்கி, ஒரே வரியைச் சொல்லிவிட்டு நின்றது: இரு கணினிகளின் நேரமும் ஒத்துப்போகவில்லை. அவர் வார்டுக் கணினியின் கடிகாரத்தைத் தன் கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டார், சரியாக இருந்தது. முற்றத்தைத் தாண்டிப் போய் சர்வரின் கடிகாரத்தை அதே கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டார், அதுவும் சரியாக இருந்தது. இரண்டும் சரியாக இருந்து, இரண்டும் ஒத்துப்போகாத ஒன்றை அவர் தன் பத்தொன்பது வருட வேலையில் பார்த்ததில்லை. ஆனால் அவருக்கு ஆச்சரியப்படத் தெம்பில்லை. நான்கு மாவட்டங்களில் அறுபத்தோரு இடங்கள் அவர் பொறுப்பில் இருந்தன; அறுபத்தோரு இடங்களிலும் ஒரே தூசி, ஒரே மூலையில் ஒரே பழைய நாற்காலி, "நேத்து வரைக்கும் நல்லாத்தான் சார் ஓடுச்சு" என்று ஒரே வாக்கியம். எந்த ஊர் பஸ்ஸில் இருக்கிறோம் என்பதை அவர் சில நேரம் டிக்கெட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்.

மூன்றாம் முறை வந்தபோது, வார்டுக் கணினிக்குள் விவரமெல்லாம் பதிந்திருந்த வட்டு முனகத் தொடங்கியிருந்தது. அவர் பெட்டியின் மேல் காதை வைத்துக் கேட்டார். உள்ளே யாரோ நகத்தால் தகரத்தைச் சுரண்டுவதுபோல ஒரு சத்தம், பிறகு இடைவெளி, பிறகு மறுபடி. அந்தச் சத்தம் அவருக்குப் பழக்கமானது. ஒரு வாரம் தாங்கும், இல்லையென்றால் நாளைக்கே போகும். பென் டிரைவ் செருகும் துளைகளை வைரஸுக்குப் பயந்து யாரோ எம்சீல் வைத்து அடைத்திருந்தார்கள். வட்டைக் கழற்றினால் அது மறுபடி ஓடும் என்று அவரால் சத்தியம் செய்ய முடியாது. நகல் போக வேண்டும், இந்த வயர் வழியாகவே போக வேண்டும்.

அவர் வார்டிலிருந்தபடியே முன்கட்டிலிருந்த கம்பவுண்டர் சோலையப்பனைப் போனில் கூப்பிட்டார்.

"சர்வர்ல இப்ப மணி என்ன காட்டுது?"

"பத்து இருபது சார்."

குருபரன் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "எனக்குப் பதினொண்ணு காட்டுது."

"ஆமா, நீங்க வார்டுல இருக்கீகல்ல."

"வார்டுல இருந்தா?"

"வார்டு நாப்பது நிமிசம் முந்தியில்ல சார் இருக்கு. மாசி மாசத்துலருந்தே அப்படித்தானே."

குருபரன் போனைக் காதிலிருந்து எடுத்துக் கைக்கடிகாரத்தை மறுபடி பார்த்தார். பிறகு, "ஏன் முன்னாடியே சொல்லலை?" என்றார்.

"நீங்க வயரைப் பத்தித்தானே சார் கேட்டீக," என்றார் சோலையப்பன், குறையில்லாத குரலில்.

ஊர் அதை ஏற்றுக்கொண்டு இரண்டு மாதத்துக்கு மேலாகியிருந்தது. முதல் வாரம் சோறு கொண்டுவந்தவர்கள்தான் கண்டுபிடித்தார்கள், வாசற்படி வரை ஆவி பறந்த கஞ்சி படியைத் தாண்டியதும் ஆறிப்போயிருந்தது. அதற்குப் பிறகு பிள்ளை பெற்றவர்களுக்குக் கஞ்சி கொண்டுவருகிறவர்கள் கை பொறுக்காத சூட்டில் கொண்டுவந்தார்கள். பார்வையாளர் நேரம் நாலு மணிக்கு என்று காவலாளி தெரு நேரத்துக்குக் கதவைத் திறந்தார், உள்ளே போனவர்கள் நாலு நாற்பதுக்குப் போய் உட்கார்ந்து ஆறு மணிக்கு எழுந்து வெளியே வந்து ஐந்து இருபது வெயிலில் கண்ணைச் சுருக்கினார்கள், இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று ஒரு மாதம் சண்டை நடந்து, கணக்குப் புரியாததால் ஓய்ந்தது. ஜோசியர் தன் பலகையில் ஒரு வரி கூடுதலாக எழுதிவைத்தார்: வார்டு நேரம் கொண்டுவருபவர்களுக்கு நாற்பது நிமிடம் கழித்துக் கணிக்கப்படும். மின்சாரம் வார்டில் முதலில் போனதால், அங்கே மின்விசிறி நின்றதும் யாராவது ஒருவர் ஓடிப்போய் மாவு மில்லில் சொன்னார்கள், மில்லில் பாதி அரைத்த மாவு அதற்குப் பிறகு ஒருநாளும் தொட்டியில் தேங்கவில்லை.

எல்லாவற்றையும்விட மழை. வார்டின் ஜன்னல் மேற்கே மிளகாய்க் களத்தைப் பார்த்திருந்தது, உள்ளேயிருந்து பார்த்தால் நாற்பது நிமிடம் கழித்து வரும் களம் தெரிந்தது. ஏக்கர் கணக்கில் மிளகாய்ப் பழம் காயும் பங்குனி சித்திரையில் பருவம் தப்பிய மழை ஒன்று விழுந்தால் நிறம் வெளுத்து, சோடை விழுந்து, ஒரு வருட உழைப்பு தீவனமாகக்கூட ஆகாது. அந்த வருடம் நாலு மழை பெய்தது, நாலு முறையும் ஒரு பழம் நனையவில்லை. களத்துக்கு வரும் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தால் சாப்பாடு ஆச்சா என்று கேட்பதை விட்டு, "ஜன்னல் நனைஞ்சிருச்சா?" என்று கேட்டார்கள்.

ஜன்னல் நல்லதை மட்டும் காட்டவில்லை. ஒருத்தி, பிரசவம் முடிந்த மூன்றாம் நாள், கணவன் வருவதாகச் சொன்ன பஸ் வந்து நின்று கிளம்பியதையும் அதிலிருந்து அவன் இறங்காததையும் பார்த்தாள். நாற்பது நிமிடத்துக்கு முன்பே அது தெரிந்ததால், பஸ் உண்மையில் வந்தபோது அவள் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள், தலையைத் தூக்கவில்லை. அதையும் ஒரு சௌகரியம் என்றுதான் ஊர் சொன்னது.

இதெல்லாம் ஏன் நடந்தது என்று யாரும் கேட்கவில்லை. தெரிந்தவர் ஒருவர்தான், வார்டின் பொறுப்பில் இருந்த ராஜாமணி சிஸ்டர்.

மாசியில் ஒருநாள் முற்பகல், முனீஸ்வரி என்ற பெண் தலைப்பிரசவத்துக்கு வந்தாள். வலி உச்சத்தில் இருந்தபோது அவள் சிஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டு, "இப்ப வேணாம் சிஸ்டர், இன்னும் செத்த நேரம் ஆகட்டும், செத்த நேரம்," என்றாள். ராஜாமணிக்கு விளக்கம் தேவைப்படவில்லை. அன்று ஆயில்யம். சுவரில் காலண்டர் இருந்தது, ஆயில்யம் முடிந்து மகம் பிறக்கப் பன்னிரண்டு இருபது ஆகும் என்று அதில் போட்டிருந்தது, குழந்தையோ பதினொன்று ஐம்பத்திரண்டுக்கே வந்துவிட்டது, பெண்ணாகவும் வந்துவிட்டது. ஆயில்யத்துப் பெண் வந்தால் மாமியாருக்கு ஆகாது என்பார்கள். ராஜாமணி ஆயில்யம். பத்தொன்பது வயதில் தொடங்கி அவளைப் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜியைத் தின்று, நிறத்தைப் பாராட்டி, ஜாதகத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய்த் திரும்ப வரவில்லை. பிறகு ஆறு வருடம் அவளுடைய அப்பா தாயில்லாத மாப்பிள்ளையாகப் பார்த்து ஊர் ஊராக அலைந்தார், ஊரில் எந்த வீட்டில் மகன் இருந்து தாய் செத்தாலும் துட்டி கேட்கப் போகிற சாக்கில் விசாரித்துவிட்டு வந்தார், ஒருநாள் அது அவருக்கே கூசிப்போய் நிறுத்திவிட்டார். தேடுவதை நிறுத்தியதாக யாரும் அவளிடம் சொல்லவில்லை. தரகர் வருவது நின்றது, அவ்வளவுதான்.

அவள் குழந்தையைத் துடைத்துத் தாயின் மார்பில் போட்டாள். கணினியிடம் போனாள். தன் கடவுச்சொல்லைப் போட்டு அதன் கடிகாரத்தை நாற்பது நிமிடம் முன்னால் தள்ளினாள், பொத்தானை அழுத்தினாள், பன்னிரண்டு முப்பத்திரண்டு என்று பதிவானது, மகம். பிறகு கடிகாரத்தைத் திருப்பி வைக்கலாம் என்று நிமிர்ந்து சுவரைப் பார்த்தால் சுவர்க் கடிகாரத்திலும் பன்னிரண்டு முப்பத்துமூன்று, கையில் கட்டியிருந்ததிலும் பன்னிரண்டு முப்பத்துமூன்று, ஜன்னலுக்கு வெளியே களத்துப் பெண்கள் மதியச் சாப்பாட்டுக்கு எழுந்து போயிருந்தார்கள். திருப்பி வைப்பதற்கு எதுவும் இல்லாமல் போயிருந்தது. அவள் அடுத்த கட்டிலைக் கவனிக்கப் போனாள்.

இப்போது குருபரன் அவள் முன் நின்றுகொண்டிருந்தார்.

"கடிகாரத்தைச் சரி பண்ணணும் சிஸ்டர். அதுக்கு உங்க பாஸ்வேர்டு வேணும்."

"சரி பண்ணா?"

"இதுவரைக்கும் பதிஞ்ச எல்லாத்துலயும் நாப்பது நிமிசத்தைச் சர்வரே கழிச்சுக்கும். கழிச்சு வாங்கிக்கும். பத்து நிமிச வேலை."

"எல்லாத்துலயுமா?"

"முதல்லருந்து."

"ஒண்ணை மட்டும் விட முடியாதா?"

"முடியாதுங்க. மொத்தமாத்தான் கழிக்கும்."

ராஜாமணி விசைப்பலகையைப் பார்த்தாள். "பாஸ்வேர்டு மறந்துபோச்சு," என்றாள்.

அறுபத்தோரு இடங்களில் கடவுச்சொல்லை மறந்தவர்களைக் குருபரன் பார்த்திருக்கிறார். மறந்தவர்கள் மேலே பார்ப்பார்கள். மறைக்கிறவர்கள்தான் விசைப்பலகையைப் பார்ப்பார்கள். அவர் வற்புறுத்தவில்லை. "வட்டு கேக்குதா?" என்றார். இருவரும் பெட்டியின் சுரண்டலைக் கேட்டார்கள். "இருநூத்திப் பதினாலு பிள்ளைங்க இருக்கு இதுக்குள்ள. நான் நாளைக்கு வரேன்."

மறுநாள் காலை மகப்பேறு மனையின் முற்றத்தில் டாக்டரம்மா கூட்டம் போட்டார்கள். கூட்டம் தெரு நேரத்துக்குத்தான் நடந்தது. பிள்ளை பெற்ற குடும்பங்கள் ஒரு பக்கம், களத்துக்காரர்கள் ஒரு பக்கம், நடுவில் வயர் தொங்கியது. சுவரோரம் நின்றிருந்த, இரண்டு மாதமாகச் சான்றிதழுக்கு நடக்கிற தகப்பன் ஒருவன் முதலில் பேசினான். "எம் மகனுக்குத் தடுப்பூசி அட்டையில ஆண் குழந்தைன்னு போட்டிருக்கு. அவ்வளவுதான் இருக்கு அவனுக்கு. அந்தப் பொட்டி நின்னுபோச்சுன்னா அவன் பொறக்கவே இல்ல."

"கண்ணு முன்னாடி உருண்டுக்கிட்டு இருக்கான், பொறக்கலைங்கிற," என்றாள் மிளகாய்க் களத்து இருளாயி. பத்து ஏக்கர் பழத்துக்கு அவள்தான் காவலும் கூலித் தலைவியும். "மழை வந்தா யாரு சொல்லுவா? உம் மகனா சொல்லுவான்? வார்டைத் தொடாம வேற வழி இருந்தாப் பாருங்க."

அப்போதுதான் சோலையப்பன் அதைச் சொன்னார். அவர் ராத்தூக்கத்தை விட்டு யோசித்ததுபோல இருந்தது. வார்டுக் கடிகாரத்தைப் பின்னால் இழுக்க வேண்டாம், சர்வரின் கடிகாரத்தை முன்னால் தள்ளினால் இரண்டும் ஒத்துப்போகும், நகல் போகும், எந்தப் பதிவிலும் எதுவும் கழியாது. ஒரே ஒரு சங்கதி, வார்டுக் கணினியைத் தள்ளியதற்கு வார்டு முன்னால் போனது. சர்வரைத் தள்ளினால், சர்வர் இருப்பது ஊரில், ஊர் போகும்.

குருபரனிடம் எல்லோரும் திரும்பினார்கள். "அப்படிப் போகுமா சார்?"

"எனக்குத் தெரியாதுங்க," என்றார் குருபரன். "ஆனா நகல் போகும்."

ஊர் அதைக் கொஞ்ச நேரம் மென்றது. ஊர் நாற்பது நிமிடம் முன்னால் போனால் இடையில் ஒரு நாற்பது நிமிடம் யாருக்கும் இல்லாமல் போகும். எந்த நாற்பது என்பதுதான் கேள்வி.

"மத்தியானம் ரெண்டுலருந்து ரெண்டு நாப்பது," என்றார் ஒருவர். "அப்ப யாரும் ஒண்ணும் செய்யறதில்ல."

"நான் அப்பத்தான் சாப்புடுறேன்," என்றார் டீக்கடைக்காரர்.

"ஒருநா பட்டினி கிடந்தா தொப்பை கரைஞ்சுராது."

"பரமக்குடி பஸ்சு ரெண்டே காலுக்குல்ல வருது. அது எங்க வந்து நிக்கும்?"

"வழக்கமா நேரத்துக்கு வந்துட்ட மாதிரி பேசுறீக."

"அந்த நேரத்துல எனக்கு உசுரு போகணும்னு இருந்தா?" என்று திண்டுக்கட்டையில் உட்கார்ந்திருந்தவர் கேட்டார்.

"போகாம தப்பிச்சுக்கிருவீக. சந்தோசந்தானே," என்றாள் இருளாயி. பிறகு அவளே முகத்தைச் சுளித்தாள். "ஊரே முன்னால போயிட்டா ஜன்னல்ல அப்பறம் என்ன தெரியும்? அப்பயும் எனக்கு மழை தெரியாதுல்ல. எதுக்குய்யா நான் என் நாப்பது நிமிசத்தைக் குடுக்கணும்? சிஸ்டர் பாஸ்வேர்டை யோசிச்சுப் பாக்கட்டும்."

ராஜாமணி வார்டு வாசற்படியில், ஒரு கால் தெரு நேரத்திலும் ஒரு கால் வார்டு நேரத்திலும், நின்றுகொண்டிருந்தாள். அவள் படியிலிருந்து இறங்கினாள்.

"பாஸ்வேர்டு ஞாபகம் இருக்கு," என்றாள். "கடிகாரத்தை மாத்துனது நாந்தான்."

அவள் நடந்ததைச் சொன்னாள். பெயரைச் சொல்ல வேண்டியதில்லாமல், குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கூட்டத்தின் ஓரத்தில் நின்ற முனீஸ்வரியைப் பார்த்துச் சொன்னாள். தன்னைப் பற்றி ஒரே வரி சொன்னாள், தானும் ஆயில்யம் என்று. அந்த ஊரில் முப்பத்தொரு வருடமாகப் பிள்ளைகளை வாங்கிக் கையில் கொடுத்தவள் ஏன் தனியாக இருக்கிறாள் என்று ஒருவரும் அதுவரை கேட்டதில்லை. அது கிழக்கே இருந்த கண்மாயைப்போல இருந்தது.

தடுப்பூசி அட்டைத் தகப்பன் அட்டையை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். முதலில் பேசியது இருளாயி.

"ஒரு பொம்பளப் பிள்ளைக்குத்தானே," என்றாள் சலிப்போடு. "சரி, எடுத்துக்கங்க. ரெண்டுலருந்து ரெண்டு நாப்பது. நான் அப்ப சும்மாதான் படுத்திருப்பேன்."

"எனக்கும் ஒண்ணுமில்ல," என்றார் டீக்கடைக்காரர். ஒவ்வொருவராகத் தலையை ஆட்டினார்கள். பெருமையில்லாமல், சாவு வீட்டில் கைமாற்றிக் கைமாற்றி நாற்காலி எடுத்துப் போடுவதுபோல, அவரவர் நாற்பது நிமிடத்தை எடுத்துப் போட்டார்கள்.

"அது வேணாம்," என்றாள் முனீஸ்வரி.

எல்லோரும் திரும்பினார்கள். அவள் கூச்சத்தோடு பிள்ளையைத் தோள் மாற்றினாள்.

"நான் நட்சத்திரத்துக்குச் சொல்லலை சிஸ்டர். அன்னைக்கு இவ அப்பா திருப்பூர்லருந்து பஸ்சுல வந்துக்கிட்டு இருந்தாரு. பரமக்குடி தாண்டிட்டேன்னு போன் வந்துச்சு. அவரு வந்தப்பறம் பொறந்தா நல்லாருக்குமேன்னுதான் செத்த நேரம் செத்த நேரம்னு சொன்னேன். வலியில வேற என்ன சொல்லத் தெரியும்? ஆயில்யம்னு எங்களுக்கு அன்னைக்கே தெரியும். அவரு போன்லயே பொறந்த நேரத்தைக் கேட்டுக் குறிச்சுக்கிட்டுப் போயி ஜாதகம் எழுதிட்டாரு."

"ஆயில்யம்னேவா?"

"ஆமா. எங்க மாமியாரே ஆயில்யந்தான் சிஸ்டர்."

யாரோ சிரித்தார்கள், சிரித்துவிட்டு நிறுத்தினார்கள். ராஜாமணி சிரிக்கவில்லை. அவள் முகத்தில் கோபமும் இல்லை. நோயாளியிடம் எத்தனை நாளாக வலி என்று கேட்கிற அதே குரலில் கேட்டாள்:

"உங்க மாமியாரை எப்படிக் கட்டுனாக?"

முனீஸ்வரிக்குக் கேள்வி புரியவில்லை. "எப்படின்னா? பொண்ணு பாத்தாக, பிடிச்சிருந்துச்சு, கட்டுனாக."

"அவுக மாமியாரு?"

"இருக்காக. பல்லுதான் இல்ல."

"எந்தத் தெரு?"

"பெருமாள் கோயில் தெரு."

பெருமாள் கோயில் தெரு ராஜாமணி பிறந்த தெருவுக்கு மூன்றாவது தெரு. அவளுடைய அப்பா தாயில்லாத மாப்பிள்ளைக்காக ராமநாதபுரம் வரை போயிருக்கிறார், சிவகங்கை வரை போயிருக்கிறார். அவள் "அப்படியா" என்றாள். பிறகு குருபரனிடம், "வாங்க, போட்டுத்தரேன்," என்றாள்.

குருபரன் டாக்டரம்மாவிடம் ஒரு விஷயத்தைச் சொன்னார். கடிகாரத்தை நாற்பது நிமிடம் பின்னால் இழுத்தால், வார்டு ஏற்கெனவே வாழ்ந்துவிட்ட நாற்பது நிமிடத்தை மறுபடி வாழ வேண்டிவரும், தெரு வந்து சேரும் வரை. அந்த நேரத்தில் எதையும் பதியக் கூடாது, யாரும் உள்ளே வரவோ வெளியே போகவோ கூடாது, பதிந்தால் ஒரே நேரத்தில் இரண்டு பதிவு விழுந்து மறுபடி பிசகும். வலியில் யாரும் இல்லை என்று டாக்டரம்மா பார்த்துச் சொன்னார்கள். வார்டில் பிள்ளை பெற்ற இரண்டு பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். முதல் பதிவு முனீஸ்வரியின் குழந்தையுடையது என்பதால் திருத்தத்துக்கு அவள் முன்கட்டில் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. "பிடிங்க சிஸ்டர்," என்று வாசலில் குழந்தையை நீட்டிவிட்டு அவள் முற்றத்தைத் தாண்டிப் போனாள். அவள் போனதும் சோலையப்பன் வார்டுக் கதவைச் சாத்தினார்.

ராஜாமணி ஒரு கையில் குழந்தையை வைத்துக்கொண்டு மறு கையால் கடவுச்சொல்லை அடித்தாள். குருபரன் கடிகாரத்தைப் பின்னால் இழுத்தார். சுவரில் பதினொன்று நாற்பத்தைந்தாக இருந்தது பதினொன்று ஐந்தானது.

அந்த நாற்பது நிமிடம் எந்த நாளிலும் சேராதது. மின்விசிறி சுற்றியது. தூங்கியவர்கள் தூங்கினார்கள். ஜன்னலுக்கு வெளியே முன்பு பார்த்ததே மறுபடி நடந்தது: வெள்ளை ஆடு ஒன்று களத்தின் ஓரம் வந்து விரட்டப்பட்டது, சைக்கிளில் போனவர் துண்டைத் தவறவிட்டு இறங்கி எடுத்தார், அதே இடத்தில், அதே அலுப்போடு. பார்க்க வேண்டியது ஒன்றும் இல்லை. எல்லாம் பார்த்தாகிவிட்டது. குருபரனுக்கு அழுத்த வேண்டிய பொத்தான் எதுவும் இல்லை, போன் வேலை செய்யவில்லை, அறுபத்தோரு இடங்களில் ஒன்றும் அவரைக் கூப்பிட முடியாது. ராஜாமணி காலிக் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள். முப்பத்தொரு வருடத்தில் அவள் அந்த அறையில் உட்கார்ந்து அவளே பார்த்ததில்லை. எங்கே கால் வைப்பது என்று தெரியாதவள்போல முதலில் தரையில் வைத்தாள், பிறகு ஸ்டூலில் தூக்கி வைத்தாள்.

"உங்களுக்கு என்ன நட்சத்திரம்?" என்று கேட்டாள்.

"தெரியாதுங்க. எழுதி வச்சிருந்தது ஒரு வெள்ளத்துல போச்சு."

"நகல் எடுத்து வைக்கலையா?"

"இல்லை," என்றார் குருபரன், கொஞ்சம் வெட்கத்தோடு.

"போகட்டும்," என்றாள். "ரொம்ப நல்லது."

குழந்தை அவளை உற்றுப் பார்த்தது. மூன்று மாதக் குழந்தைகள் பார்ப்பது அப்படித்தான், எதிரில் இருப்பவரிடம் ஏதோ பாக்கி கேட்க வந்ததுபோல. அவளும் அதைப் பார்த்தாள். ஆயிரக்கணக்கில் குழந்தைகளை வாங்கிய கை அவளுடையது, ஆனால் எதையும் துடைத்து, எடைபோட்டு, கொடுத்துவிடுகிற நேரத்துக்கு மேல் வைத்துக்கொண்டதில்லை. பெருமாள் கோயில் தெரு, என்று ஒருமுறை வாய்க்குள் சொன்னாள். பாத்தாக, பிடிச்சிருந்துச்சு, கட்டுனாக. கொஞ்ச நேரத்தில் தலை சுவரில் சாய்ந்தது, வாய் லேசாகத் திறந்துகொண்டது, குழந்தையைச் சுற்றியிருந்த கை மட்டும் தூங்காமல் இருந்தது.

சுவரில் மறுபடி பதினொன்று நாற்பத்தைந்தானபோது தெருவும் அங்கே வந்து சேர்ந்திருந்தது. சத்தம் எதுவும் இல்லை. குருபரன் நகலைத் தொடங்கினார். அது ஒரு நொடி தயங்கியது. பிறகு முதல் வரி போனது: பெண், பதினொன்று ஐம்பத்திரண்டு, தாய் முனீஸ்வரி. வட்டு உள்ளே சுரண்டியது, நின்றது, மறுபடி சுரண்டியது. அவர் எண்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாற்பது, எழுபத்தொன்று, நூற்றுப் பதினெட்டு. நூற்று அறுபத்து மூன்றில் வெகுநேரம் நின்றது. அவர் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தார், அதனால் எந்தப் பயனும் இல்லை என்று தெரிந்தே வைத்தார். பிறகு நகர்ந்தது. இருநூற்றுப் பதினான்கு என்று காட்டி, முடிந்தது என்று காட்டியது. அடுத்த நிமிடம் வட்டின் சத்தம் அடங்கிப்போனது, மறுபடி வரவில்லை.

வேலை முடிந்ததற்கு வார்டுப் பொறுப்பாளர் கையெழுத்துப் போட வேண்டிய தாள் அவர் பையில் இருந்தது. அதை வெளியே எடுத்து, பேனா மூடியைத் திறந்து, ராஜாமணியைப் பார்த்துவிட்டு, மூடினார்.

முனீஸ்வரி கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். கட்டிலைப் பார்த்து நின்றாள். குழந்தை முழித்துக்கொண்டு, தூங்குகிறவளின் மூக்கை எட்ட முயன்றுகொண்டிருந்தது.

"அழுதாளா?" என்று கிசுகிசுத்தாள்.

"இல்லை."

முனீஸ்வரி குழந்தையை வாங்கக் கையை நீட்டினாள். அந்தத் தூங்காத கையைப் பார்த்தாள். நீட்டியதை மடக்கிக்கொண்டு, துணிப்பையைக் கீழே வைத்துவிட்டு, எதிர்க் கட்டிலின் காலில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள். குருபரன் ஸ்டூலை ஓசைப்படாமல் இழுத்துப் போட்டுக்கொண்டார். தெருவில் அவர் போக வேண்டிய பஸ் ஹாரன் அடித்தது. அடித்தபோதே வார்டிலும் கேட்டது. யாரும் எழுந்திருக்கவில்லை.